பரிவட்டம் யாருக்கு?

ஓர் ஊரின் பழைய பண்டத்தையோ பானத்தையோ விடாமல் செய்து வருகிறவரையும், அது அழிந்துபோகாமல் ஊர் ஊராக எடுத்துச் சொல்கிறவரையும் மேடையேற்றிப் பாராட்டுவது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. 1971-ல் தொடங்கிய 'காம்ரா' என்ற பிரிட்டிஷ் நுகர்வோர் இயக்கம், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் சைடரையும் பேரிக்காயிலிருந்து எடுக்கும் பெர்ரியையும் வளர்ப்பவர்களுக்கு 'பொமோனா விருது' கொடுக்கிறது. பொமோனா ரோமானியர்களின் பழத்தோட்டத் தெய்வம். மதுவுக்குக் கொடுக்கும் விருதானாலும் அதற்கு ஒரு தெய்வத்தின் பெயர் வேண்டியிருந்திருக்கிறது.

பாராட்டு நல்லதுதான். ஆனால் அதற்குள் பழைய சிக்கல் ஒன்று இருக்கிறது. பாரம்பரியம் என்று சொல்லும்போதே, அது தனி ஒருவர் உண்டாக்கியதல்ல என்று ஒப்புக்கொண்டாகிறது. அப்படியானால் அதற்குரிய மரியாதையைத் தனி ஒருவர் கையில் கொடுப்பது எப்படிச் சரியாகும்? செய்கிறவர் பெரியவரா, பரப்புகிறவர் பெரியவரா? பலன் கருதாமல் செய்ய வேண்டிய வேலைக்குப் பரிசு வந்தால் வேலை கெடுமா? அந்தப் பண்டமே அறநூல்கள் விலக்கிய பொருளாக இருந்தால் என்ன செய்வது? மதுரை - தென்காசி சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு உதாரணம் வைத்திருக்கின்றன.

மரியாதை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலில் நினைவுக்கு வருவது கோயில் மரியாதை: தீர்த்தம், சடாரி, மாலை, பரிவட்டம். யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு என்ற வரிசையும் அதில் அடக்கம். வைணவக் கோயில்களில் மரியாதை பெறுகிறவரை அழைப்பதற்கு 'அருளப்பாடு' என்று பெயர். பெருமாளே கூப்பிடுவதாகப் பாவித்து அழைக்கும் அந்த அழைப்பில், பெற்றோர் வைத்த பெயர் வராது. கைங்கரியத்தின் பெயரோ, அந்த மரபுக்குரிய பட்டப்பெயரோதான் வரும். அரையர் சேவைக்கு நிற்பவர் அரையராகத்தான் அழைக்கப்படுகிறார். அவருடைய தாத்தாவும் அதே பெயரில் அழைக்கப்பட்டிருப்பார், பேரனும் அழைக்கப்படக்கூடும். பரிவட்டம் கட்டிக்கொள்ளும் தலை மாறும், கட்டப்படும் இடம் மாறாது. மரியாதை வேலைக்கு உரியது, ஆள் அந்த வேலையைத் தற்சமயம் ஏற்றிருப்பவர் என்ற கருத்து இங்கே நூல் வழியாக வருவதற்கு முன்பே நடைமுறையாக நிற்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அது உலோகக் கிளியோ மரக்கிளியோ அல்ல. தினமும் புதிதாகக் கட்டப்படுவது. அலகுக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, இறக்கைக்கு நந்தியாவட்டை இலையும் பனையோலையும், வாலுக்கு அரளி மொட்டு, கண்ணுக்குக் காக்காப்பொன், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழைநார். மணிக்கணக்கில் உட்கார்ந்து கட்ட வேண்டிய வேலை. வழிவழியாக அதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் அந்தக் கிளி பக்தர் ஒருவருக்குப் பிரசாதமாகப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கையெழுத்திட இடமில்லாத கலை இது. பரிசு கொடுக்க வேண்டுமென்றால் எந்தக் கிளிக்குக் கொடுப்பது என்பதே தெரியாது. ஆனால் ஒருநாள் கிளி வராமல் போனால் ஊருக்கே தெரியும்.

ராமானுஜரின் வழியில் இந்த மனநிலைக்கு ஒரு தத்துவ விளக்கம் உண்டு. கீதைக்கு அவர் எழுதிய உரையில் கர்மத்தின் துறவு மூன்றாகப் பிரிக்கப்படுகிறது: செய்தது நான் என்ற எண்ணத்தை விடுவது, இது என்னுடையது என்ற எண்ணத்தை விடுவது, இதன் பலன் எனக்கு என்ற எண்ணத்தை விடுவது. வேலையை விடச் சொல்லவில்லை. வேலையோடு ஒட்டிக்கொள்ளும் இந்த மூன்றை விடச் சொல்கிறார். இதைக் கண்டிப்பாகப் பிடித்தால் விருது என்ற ஏற்பாடே அடிபட்டுப் போகும். செய்தவர் தான் அல்ல என்று நினைக்கிறவர் எந்த முகத்தோடு மேடையேறிச் சால்வையை வாங்குவார்?

அதற்கான பதில் இந்த ஊர்க்காரர் ஒருவரின் கதையில் இருக்கிறது. வைணவ குருபரம்பரை சொல்லும் கதை அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, கோயில் பெருமாளான வடபத்ரசாயிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தவர் விஷ்ணுசித்தர். பாண்டிய மன்னன் வல்லபதேவன், பரம்பொருள் எது என்று நிலைநாட்டுகிறவருக்குப் பொற்கிழி என்று அறிவிக்கிறான். விஷ்ணுசித்தர் மதுரைக்குப் போய் வாதிட, கம்பத்தில் கட்டியிருந்த கிழி தானே தாழ்ந்து வருகிறது. அரசன் அவருக்குப் பட்டர்பிரான் என்று பட்டம் கொடுத்து, யானைமேல் ஏற்றி ஊர்வலம் விடுகிறான். தமிழ் மரபில் இதைவிடப் பெரிய விருது விழாவைச் சொல்வது கடினம். அந்த நேரத்தில் பெருமாள் கருடன்மேல் அதைப் பார்க்க வருகிறார். யானைமேல் இருப்பவருக்குப் பெருமிதம் வரவில்லை, பயம் வருகிறது. இத்தனை கூட்டத்துக்கு நடுவே வந்து நிற்கிற பெருமாளுக்குக் கண் பட்டுவிடுமே என்று, யானையின் கழுத்து மணிகளையே தாளமாகக் கொண்டு வாழ்த்துப் பாடுகிறார். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் முதலில் நிற்கும் திருப்பல்லாண்டு அப்படிப் பிறந்தது என்பது மரபு. விஷ்ணுசித்தருக்குப் பெரியாழ்வார் என்ற பெயர் வந்ததும் அதனால்தான். கிடைத்த பொருளைக் கோயிலுக்கே சேர்த்துவிட்டு, அவர் பழையபடி மாலை கட்டப் போனார்.

கதை என்ற அளவில் எடுத்துக்கொண்டாலும் இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அவர் விருதை மறுக்கவில்லை. மறுப்பதும் ஒருவகையில் தன்னை முன்னிறுத்துவதுதான். யானைமேல் ஏறினார், பட்டத்தை ஏற்றார், பொன்னை வாங்கிக்கொண்டார். ஆனால் எதையும் தன்னிடம் தங்க விடவில்லை. புகழைப் பாட்டாகப் பெருமாளுக்கும் பொன்னைத் திருப்பணியாகக் கோயிலுக்கும் கடத்திவிட்டார். மரியாதையை வாங்கலாம், ஆனால் அது தன் வழியாகக் கடந்து போக வேண்டும். ராமானுஜரின் மூன்று துறவுக்கும் அரசனின் யானைக்கும் இந்தக் கதை செய்துவைக்கும் சமரசம் இதுதான்.

மரியாதைக்காகச் சண்டை போட்டதும் இதே மரபுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதல் தீர்த்தம் யாருக்கு என்ற வழக்குகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னை உயர் நீதிமன்றத்தை அலைக்கழித்தன. ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயில் பற்றிய அப்படியொரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1961-ல் முடிந்தது. வெறும் மரியாதையை மட்டும் உரிமையாகக் கேட்டு சிவில் நீதிமன்றத்துக்கு வர முடியாது. கோயிலில் ஒரு பதவி தனக்கு உண்டு என்று நிலைநாட்டி, அந்தப் பதவிக்கு ஊதியம்போல் ஒட்டிய மரியாதையைக் கேட்டால் வழக்கு நிற்கும் என்ற விதியை நீதிமன்றம் அதில் தெளிவாக்கியது. நீதிபதிகள் தத்துவம் பேச உட்காரவில்லை. ஆனாலும் அருளப்பாடு சொல்வதையேதான் சட்ட மொழியில் சொல்லியிருக்கிறார்கள்: கடமை இருந்தால்தான் மரியாதைக்குக் கால் உண்டு.

கோயிலை விட்டு வெளியே வந்தால் பால்கோவாக் கடைகள். விறகடுப்பில் பெரிய வாணலி, அதில் பால், பிறகு சர்க்கரை, அடி பிடிக்காமல் நீளக் கரண்டியால் ஓயாமல் கிண்டும் ஓர் ஆள். சேர்மானம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் கைப்பக்குவம். பால் சுண்டி, ஓரம் திரண்டு, கரண்டியில் ஒட்டும் பதம் வரும்போது இறக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் நிறம் போய்விடும். இந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தக் குறியீடு அரசு தரும் மரியாதைகளில் விசித்திரமானது. 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு அடிப்படை, பதிவகம் இருப்பது சென்னையில். தனி ஆள் உரிமையாளராக முடியாது. உற்பத்தியாளர்களின் சங்கமோ, அவர்களின் நலனைப் பார்க்கும் அமைப்போதான் விண்ணப்பிக்கலாம். கிடைத்த உரிமையை விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, இன்னொருவருக்கு உரிமம் எழுதிக்கொடுக்கவும் முடியாது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அருளப்பாட்டைப் போல இதிலும் ஆள் பெயர் இல்லை, இடத்தின் பெயர்தான். அதே 2019-ல் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கோயில் நிர்வாகமே விண்ணப்பதாரர். அங்கே பண்டமும் பிரசாதமும் ஒன்று என்பதால் மரியாதை யாருக்கு என்ற கேள்வி எழவே இல்லை. பால்கோவா கடைத்தெருப் பண்டம், அதனால் கேள்வி எழுகிறது.

சட்டத்தில் 'உற்பத்தியாளர்' என்ற வரையறைக்குள் செய்கிறவரோடு, அந்தப் பொருளில் வியாபாரம் செய்கிறவரும் அடங்குகிறார். வாணலி முன் நிற்கிறவரும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்று. இது அநியாயம் என்று உடனே சொல்லிவிட முடியாது. கறந்த பாலுக்கு நிலையாக விலை கொடுத்த பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும், ஊரின் பெயரைப் பெட்டியில் அச்சடித்து வெளியூர் அனுப்பிய கடைக்காரரும் இல்லாமல் கரண்டி பிடித்த கைக்கு இத்தனை காலம் வேலை இருந்திருக்காது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவேட்டில் பெயர் சேர்க்க நேரமும் பணமும் படிப்பும் உள்ளவர் யார் என்று பார்த்தால், அவர் அநேகமாகக் கிண்டுகிறவராக இருக்க மாட்டார்.

இன்னொன்று. இந்த ஊர்ப் பால்கோவாவின் தொடக்கத்தை வடக்கிலிருந்து வந்து குடியேறிய லாலா இனிப்புக் கடைக்காரர்களோடு சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். அப்படியானால் ஆண்டாள் காலத்துப் பண்டம் அல்ல, சில தலைமுறைப் பண்டம். அதனால் அதன் மதிப்பு குறையுமா? குறையாது என்பதே சரியான விடை. பழமையை ஆண்டுக்கணக்கில் அளப்பதைவிட, கற்றுக்கொடுத்தவர் ஒருவர், கற்றுக்கொண்டவர் ஒருவர் என்று சங்கிலி அறாமல் வருகிறதா என்று பார்ப்பதே முறை. வந்தவர் கொண்டுவந்த வித்தையை ஊர் தன்னுடையதாக்கிக்கொண்டதும் பாரம்பரியம்தான்.

மரியாதை கெடுதலும் செய்யும் என்பதற்கு ராஜபாளையத்திலேயே சான்று இருக்கிறது. ஊரின் பெயரைத் தாங்கிய வேட்டை நாய் இனத்துக்கு 2005 ஜனவரி 9-ல் அஞ்சல் தலை வெளிவந்தது. முதோல், ராம்பூர், இமாலய ஆட்டுநாய் ஆகியவற்றோடு சேர்த்து நான்கு இந்திய இனங்கள் அந்த வரிசையில் இருந்தன. பெருமைதான். ஆனால் ராஜபாளையம் நாய் என்றால் மாசற்ற வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு என்று ஒரு வடிவம் நிலைத்துவிட்டது. வேறு நிறத்தில் பிறந்த குட்டிகளை வளர்ப்போர் கழித்துக்கட்டினார்கள். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருவது காது கேளாமை, இந்த இனத்தில் அது நன்கு தெரிந்த குறை. பாராட்டுக்கு ஓர் அச்சு தேவைப்படுகிறது. அச்சு வந்தபிறகு உயிருள்ள பொருளை அதற்குள் அமுக்கப் பார்க்கிறார்கள். குறியீட்டுப் பதிவுக்கு எழுதும் செய்முறைக் குறிப்பிலும் இந்த ஆபத்து உண்டு. நேற்றுவரை கை தானாக மாற்றிக்கொண்டிருந்த பக்குவம், எழுதிய அன்றோடு சட்டமாகிவிடுகிறது.

செய்கிறவரை விட்டுப் பரப்புகிறவருக்கு வந்தால், தமிழ்நாட்டில் நெல் ஜெயராமனை நினைக்காமல் இருக்க முடியாது. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டவர். 2018 டிசம்பர் 6-ல் மறைந்தார். தேசிய அளவிலும் விருது பெற்றவர். அந்த நெல் வகை ஒன்றையும் அவர் உண்டாக்கவில்லை. பெயர் தெரியாத உழவர்கள் உண்டாக்கியவை. அவர் வைத்த ஏற்பாடு எளிமையானது: திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பரப்புகிறவருக்குரிய மரியாதைக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது. தான் மறைந்த பிறகும் பொருள் கை மாறிக்கொண்டே இருக்க வழி செய்தாரா என்று பார்த்தால் போதும். அந்தப் பொருளைத் தன் முகவரியாக மாற்றிக்கொண்டவரும் பரப்புகிறவர்தான், ஆனால் அவர் வேறு கணக்கு.

கடினமான கேள்வி கடைசியில் நிற்கிறது. பால்கோவாவுக்கும் நெல்லுக்கும் மரியாதை செய்ய யாருக்கும் தயக்கமில்லை. சைடருக்கும் பெர்ரிக்கும் தமிழ்நாட்டில் நேர் உறவு என்றால் கள்தான். அதைப் பரம்பரையாக இறக்குகிறவருக்கும் அதற்காக வாதாடுகிறவருக்கும் மரியாதை செய்யலாமா?

பனையில் நடக்கும் வேலையைப் பார்த்தால் கேள்வியின் கூர்மை தெரியும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. ஏறுகிறவர் பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். காலை ஏறிய மரத்தில் மாலையும் ஏற வேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது பதநீர், தடவாவிட்டால் அது தானே புளித்துக் கள். மரமும் ஆளும் அரிவாளும் உயிரைப் பணயம் வைக்கும் ஏற்றமும் இரண்டுக்கும் ஒன்றே. பனையைத் தன் மாநில மரமாகக் கொண்ட அரசின் சட்டப்படி, 1987 ஜனவரி 1 முதல் அந்தச் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் குற்றம்.

அறநூல்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பௌத்த நூல்கள் இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வாணிபங்களில் மதுவையும் சேர்க்கின்றன. அங்கே விற்பவருக்கும் பழி உண்டு. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் கண்டிப்பில் எதற்கும் குறைந்ததல்ல, ஆனால் அதன் பத்துக் குறளும் குடிக்கிறவரை நோக்கியே பேசுகின்றன, மரம் ஏறுகிறவரைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. அதற்கும் முந்தைய சங்கப் பாடல்களில் கள் வெட்கத்துக்குரிய பொருளே அல்ல. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல், அவன் கள்ளைப் பகிர்ந்த விதத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. வழிபாட்டிலும் இதே இரட்டை நிலைதான். ஆண்டாள் சன்னதியில் பாலும் துளசியும், ஊர் எல்லைக் கருப்பசாமிக்குப் படையலில் கள்ளோ சாராயமோ. இரண்டு சன்னதியிலும் கும்பிடுகிறவர் ஒருவராகவே இருப்பது அரிதல்ல, அவருக்கு அது முரணாகவும் தோன்றுவதில்லை.

ராஜபாளையம் இதில் மறுபக்கத்துச் சாட்சி. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர், காந்தியர், தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1937-ல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, ஓமந்தூரார் காலத்தில் 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. அதைக் கட்டிக்காக்கும் பொறுப்பு குமாரசாமி ராஜாவின் ஆட்சிக்கு வந்தது. காந்தியர்களுக்குக் கள் இறக்குகிறவர்மேல் வெறுப்பு இல்லை. பதநீரும் பனைவெல்லமும் அவருக்கு மாற்றுப் பிழைப்பாகட்டும் என்பதே காந்தியின் யோசனை. குடியால் குலைந்த குடும்பங்களைப் பார்த்தவர்களின் வாதம் அது, லேசாகத் தள்ளத்தக்கதல்ல. எதிர்ப்பக்கத்தில் செ. நல்லசாமியின் கள் இயக்கம், கள் உணவே தவிர போதைப்பொருள் அல்ல என்று பல ஆண்டுகளாக வாதிடுகிறது. அரசே கடை திறந்து ஆலை மதுவை விற்கும் மாநிலத்தில் கள்ளுக்கு மட்டும் தடை என்பதை அறத்தின் பெயரால் நியாயப்படுத்துவது சிரமம் என்ற அளவில் அந்த வாதம் வலுவானது. கள் குடிப்பது நல்லது என்று அதிலிருந்து ஆகிவிடாது.

மரியாதை வேலைக்கு உரியது என்று கொண்டால் இந்த முடிச்சு கொஞ்சம் தளர்கிறது. பாளை சீவும் திறமை, எந்த மரம் எப்போது சுரக்கும் என்ற அறிவு, இரண்டு வேளை ஏற்றம் ஆகியவற்றுக்கு மரியாதை செய்வது, கலயத்தில் விழுவதைக் குடிக்கச் சொல்வதாகாது. மதுவை விலக்குகிற ஒருவரும் மன உறுத்தலின்றி அந்த மரியாதையில் கலந்துகொள்ளலாம். ஆனால் பொமோனா விருது போல ஒன்றைக் கள்ளுக்கென்றே வைப்பது இதிலிருந்து வேறுபட்டது. அது வேலையோடு பொருளையும் பாராட்டுகிறது. பொருளைப் பாராட்டுகிறவர் அதன் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

வேலைக்கு மரியாதை என்ற வழியில் தமிழ்நாடு பாதி தூரம் வந்திருக்கிறது. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தென்னையிலிருந்து புளிக்காத நீரா இறக்க 2017-ல் அரசு அனுமதித்தது, தென்னந்தோப்புகள் நிறைந்த ராஜபாளையம் பகுதிக்கும் அது பொருந்தும். மீதிப் பாதி கூலியிலும் பதிவேட்டிலும் இருக்கிறது. கருப்பட்டி காய்ச்சுகிறவரும் விற்கிறவரும் உற்பத்தியாளர் என்றால், பதநீர் இறக்கிக் கொடுத்தவரும் அந்த வரையறைக்குள் வருவதே நியாயம். அவரையும் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்யக் கேட்கலாம். விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டியது அந்தந்த ஊர்ச் சங்கத்தின் வேலை.